மீடியேட்டர் வகுப்பு ஏன் வீங்குகிறது? ஒரு செனலிங் திரையை முன்வைத்து

கேள்வி கேட்டவர் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டாவது வருடமாக வேலை செய்கிறார். வைத்தியசாலைக் கருமபீடத்தில் பாவிக்கும் செனலிங் (வைத்தியரைச் சந்திக்க முன்பதிவு செய்தல்) பதிவுத் திரை ஒன்றை, ஜாவாவில் திரைகளை அமைக்க உதவும் ஸ்விங் நூலகத்தில் எழுதியிருக்கிறார். துறை, வைத்தியர், திகதி, நேரம், நோயாளியின் அடையாள அட்டை, கட்டணம் என்று புலங்கள் ஒன்றையொன்று நேரடியாக அழைத்துச் சிக்கலாகிப் போனதால், மீடியேட்டர் பேட்டர்னுக்கு, அதாவது புலங்கள் தங்களுக்குள் பேசாமல் நடுவில் இருக்கும் ஒரு பொருளின் ஊடாகப் பேசும் வடிவமைப்பு முறைக்கு, மாற்றும்படி குழுத் தலைவர் சொல்லியிருக்கிறார். மாற்றிய பின் புலங்கள் எல்லாம் மெலிந்துவிட்டன. மீடியேட்டர் வகுப்பு (கிளாஸ்) மட்டும் 1400 வரிக்கு வளர்ந்து நிற்கிறது. ‘நான் சிக்கலைத் தீர்த்தேனா, இடம் மாற்றி வைத்தேனா? எங்கள் சேவையகப் பக்கத்தில் பாவிக்கும் மீடியேட்-ஆர் நூலகமும் இதுவும் ஒன்றுதானா?’ என்று கேட்டிருக்கிறார்.

மீடியேட்டர் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் வரைவிலக்கணத்தில் நேரத்தைக் கழிக்கப் போவதில்லை. அந்த வகுப்புக்குள் எதற்கு இடம் கொடுக்கலாம், எதை வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. பல வருடங்களாக இப்படியான படிவத் திரைகளை எழுதியும், பிறர் எழுதியவற்றைப் பிரித்துத் தைத்தும் வந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். உங்கள் நிரலை நான் பார்க்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியில் நீங்கள் எழுதியதே என் ஆதாரம்.

முதலில் ஐயமில்லாதவை. எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வரும் 1994-இல் வெளியிட்ட டிசைன் பேட்டர்ன்ஸ் நூலில் உள்ள 23 பேட்டர்ன்களில் மீடியேட்டர் ஒன்று; பொருட்களின் நடத்தை பற்றிய 11-இல் அது அடங்கும். அங்கே எடுத்துக்காட்டாக வருவதும் உங்களுடையதைப் போன்ற ஒரு திரைதான்: எழுத்துருவைத் தெரிவு செய்யும் சிறு பெட்டி. பட்டியலில் ஒரு பெயரைத் தொட்டால் எழுதும் புலத்தில் அது தோன்ற வேண்டும், புலம் வெறுமையாக இருந்தால் பொத்தான் இயங்கக் கூடாது என்பது போன்ற விதிகளைப் பட்டியலும் புலமும் பொத்தானும் தங்களுக்குள் பேசித் தீர்க்காமல், நடுவில் இருக்கும் ஒரு பொருள் தீர்க்கிறது. இந்த நடுப்பொருள் தானே பெருத்துப் பராமரிக்க முடியாத ஒற்றைக் கட்டியாகிவிடலாம் என்ற எச்சரிக்கையும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. உங்கள் 1400 வரிகள் அவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்த நோய்.

எட்டுப் புலங்கள் ஒன்றையொன்று அறிந்திருந்தால் 28 சோடிகள், இரு திசையும் எண்ணினால் 56 இணைப்புகள். மீடியேட்டர் வந்தால் எட்டே இணைப்புகள் என்று பாடப்புத்தகங்களில் ஒரு கணக்குக் காட்டுவார்கள். கணக்குப் பிழையில்லை. ஆனால் அதில் கொஞ்சம் விற்பனைப் பேச்சு கலந்திருக்கிறது. உண்மையான திரை எதிலும் எல்லாப் புலங்களும் எல்லாவற்றோடும் பேசுவதில்லை. உங்கள் திரையில் பத்துப் பதினைந்து இணைப்புகள் இருந்திருக்கலாம். அந்தப் பத்துப் பதினைந்து விதிகளும் மீடியேட்டர் வந்த பிறகும் அப்படியேதான் இருக்கும், ஒன்றுகூடக் குறையாது. குறைவது, ஒரு விதியைத் தேடி எத்தனை கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பது மட்டுமே. ஆகவே ‘இடம் மாற்றி வைத்தேனா’ என்ற உங்கள் கேள்விக்குப் பதில் ஆம் என்பதே. இந்தப் பேட்டர்னின் வேலையே இடம் மாற்றுவதுதான். தவறு நடந்திருந்தால் அது இடம் மாற்றியதில் நடக்கவில்லை. கூடவே எதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனீர்கள் என்பதில் நடந்திருக்கும்.

புறக்கோட்டைத் தனியார் பஸ் நிலையத்தில் டைம் கீப்பரைப் பார்த்திருப்பீர்கள். 138-ஆம் இலக்க பஸ் வரிசையில் நிற்கும் சாரதிகள் அடுத்து யார் புறப்படுவது என்று தங்களுக்குள் பேசி முடிவெடுக்கத் தொடங்கினால் அன்றைக்கு ஒரு பஸ்ஸும் நேரத்துக்குப் போகாது. புறப்படும் ஒழுங்கு டைம் கீப்பரின் கையில் இருக்கிறது. ஆனால் அவர் பஸ்ஸை ஓட்டுவதில்லை, டிக்கெட் கிழிப்பதில்லை, டயருக்குக் காற்று போதுமா என்று பார்ப்பதுமில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்த பஸ் வந்தது, எது போனது, அடுத்து எது என்பது மாத்திரம். உங்கள் மீடியேட்டர் அநேகமாக பஸ்ஸையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அதை அடையாள அட்டைப் புலத்தில் நன்றாகப் பார்க்கலாம். நம் நாட்டுத் தேசிய அடையாள அட்டை இலக்கம் பழைய முறையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும் கொண்டது; 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கத்தில் எழுத்து இல்லை, 12 இலக்கங்கள். பழையதில் முதல் இரண்டும் புதியதில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அதையடுத்த மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அந்த எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். அதனால் இலக்கத்தைத் தட்டியதும் பிறந்த திகதியும் பாலும் தாமாக நிரம்ப வேண்டும் என்று வைத்தியசாலைக்காரர்கள் கேட்பது நியாயமே. இந்த இலக்கத்தைப் பிரித்து வாசிக்கும் நிரலை உங்கள் மீடியேட்டருக்குள் எழுதியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்; நான் திருத்திய இப்படியான வகுப்புகள் பலவற்றில் அது அங்கேதான் கிடந்தது. அது அங்கே இருக்கக் கூடாது. அடையாள அட்டை இலக்கம் என்பதற்கே ஒரு சிறு வகுப்பு வேண்டும். இலக்கம் சரியா, எந்த ஆண்டு, எந்த நாள், ஆணா பெண்ணா என்று அதனிடம் கேட்க வேண்டும். அந்த வகுப்புக்குத் திரை ஒன்று இருப்பதே தெரியத் தேவையில்லை. நாளைக்கு ஆய்வுகூட அறிக்கைத் திரையிலும் அதே வகுப்பு உதவும்.

அப்படியானால் மீடியேட்டருக்கு என்ன மிச்சம்? நோயாளி பிறந்த திகதியை முதலில் தன் வாயால் சொல்ல, கருமபீடத்தில் இருப்பவர் அதைத் தட்டிவிட்டார். பிறகு அட்டையைப் பார்த்து இலக்கத்தைத் தட்டுகிறார். இரண்டும் பொருந்தவில்லை. அட்டையின்படி திகதியை மாற்றிவிடுவதா, மஞ்சள் நிறத்தில் எச்சரிப்பதா, பதிவுப் பொத்தானை முடக்குவதா? இந்த முடிவு அடையாள அட்டைக்கும் சொந்தமில்லை, திகதிப் புலத்துக்கும் சொந்தமில்லை, பொத்தானுக்கும் சொந்தமில்லை. மூன்றுக்கும் நடுவில் கிடக்கிறது. இப்படி எந்த ஒரு சகாவுக்கும் (மீடியேட்டரோடு பேசும் புலம், பொத்தான் போன்றவற்றுக்கு) தனியே சொந்தமாகாத முடிவுகள்தான் மீடியேட்டரின் சொத்து. கட்டணத்துக்கும் இதே கதைதான். கடவுச்சீட்டு என்று தெரிவு செய்தால் அடையாள அட்டைப் புலம் மறைய வேண்டும் என்பது மீடியேட்டரின் விதி. கடவுச்சீட்டோடு வரும் இலங்கையரிடம் உள்நாட்டுக் கட்டணம் வாங்குவதா, வெளிநாட்டவர் கட்டணம் வாங்குவதா என்பது வைத்தியசாலையின் வியாபார விதி. அது கட்டணக் கணிப்பு வகுப்புக்குள் போக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே மெத்தட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருந்தால், கத்தரிக்க வேண்டிய இடம் அதுவே.

இன்னொரு வகைச் சரக்கும் உள்ளே வந்திருக்கக் கூடும். திரை சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் மாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். மொழி மாறியதும் ஒவ்வொரு புலத்தின் பெயரையும் மீடியேட்டரே ஒவ்வொன்றாக மாற்றுகிறதா? அப்படியென்றால் அந்த வரிகளையும் வெளியே எடுத்துவிடலாம். மொழி மாற்றத்தில் முடிவெடுக்க எதுவுமில்லை. செய்தி ஒன்று பரவுகிறது, கேட்டவர்கள் தங்கள் பாட்டில் மாறிக்கொள்கிறார்கள், ஒருவர் மாறியதால் மற்றவருக்கு ஒன்றும் ஆவதில்லை. இது ஒப்சேர்வர் பேட்டர்னின் வேலை. இந்த இரண்டையும் பலர் போட்டுக் குழப்புவதற்குக் காரணம், நிஜ நிரலில் இரண்டும் சேர்ந்தே வருவதுதான். செய்தி எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது ஒப்சேர்வர். செய்தி வந்த பின் என்ன நடக்க வேண்டும் என்று யார் தீர்மானிப்பது என்பது மீடியேட்டர். வைத்தியர் பட்டியல் ‘என்னில் தெரிவு மாறியது’ என்று பொதுவாக அறிவிக்க, மீடியேட்டர் அதற்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பது நல்ல அமைப்பு. அப்போது பட்டியலுக்கு மீடியேட்டரின் பெயர்கூடத் தெரிய வேண்டியதில்லை. அதை வேறு திரையில் அப்படியே கொண்டுபோய் வைக்கலாம்.

நீங்கள் ஸ்விங்கில் வேலை செய்வதால், உங்கள் கையருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது: பட்டன்குரூப் என்ற வகுப்பு. வட்டத் தெரிவுப் பொத்தான்களில் ஒன்றைத் தெரிந்தால் மற்றது விலக வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை அது வைத்திருக்கிறது. பொத்தான்களுக்கு ஒன்றையொன்று தெரியாது. அதன் மூல நிரலைத் திறந்து செட்செலக்டெட் மெத்தட்டை ஒரு தடவை வாசியுங்கள். பத்து வரிகூட வராது. புதிதாகத் தெரிவானது ஏற்கெனவே தெரிவில் இருப்பதே என்றால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுகிறது. இல்லையென்றால் பழைய தெரிவை ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன் நிலையை முதலில் மாற்றிக்கொள்கிறது. அதன் பிறகே பழையதை விலகச் சொல்கிறது, புதியதைத் தெரிவாகச் சொல்கிறது. இந்த வரிசை தற்செயலானது அல்ல. விலகச் சொன்ன பொத்தானின் நிலையை வைத்திருக்கும் மாடல் என்ற பொருள், ‘நான் இன்னும் தெரிவில் இருக்கிறேனா’ என்று குழுவிடமே திருப்பிக் கேட்கிறது. குழு தன் நிலையை முன்னமே மாற்றியிருக்காவிட்டால் ‘ஆம்’ என்ற பதில் வந்து அது விலகாமலே இருந்துவிடும். தெரிவான வட்டப் பொத்தானை மறுபடி அழுத்தினாலும் அது அணையாமல் இருப்பதற்கும் இந்தக் கேள்வி பதில்தான் காரணம். எல்லாவற்றையும் அணைப்பதற்கென்று தனியாக ஒரு மெத்தட் ஜாவா 6-இல்தான் சேர்க்கப்பட்டது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மீடியேட்டரில் வரும் பிழைகளில் மிகவும் தலைவலி தருவது சுழற்சி. வைத்தியரை மாற்றினால் மீடியேட்டர் திகதியை மாற்றும். திகதி மாறியது என்று திகதிப் புலம் அறிவிக்கும். மீடியேட்டர் வைத்தியர் பட்டியலை மறுபடி வடிகட்டும். அது தெரிவை மாற்றும். அது மறுபடி அறிவிக்கும். ஸ்விங்கில் இது இன்னும் வழுக்கலான நிலம். தெரிவுப் பெட்டியான ஜேகொம்போபொக்ஸில் நிரலால் தெரிவை மாற்றினாலும் அக்‌ஷன் நிகழ்வு என்ற அறிவிப்பு எழும். பயனர் தொட்டதா, நீங்கள் மாற்றியதா என்று அது பிரித்துச் சொல்லாது. சரி அடையாளம் இடும் பெட்டியான ஜேசெக்பொக்ஸிலோ நிரலால் மாற்றினால் அக்‌ஷன் நிகழ்வு எழாது, தெரிவு நிலை மாறியதைச் சொல்லும் ஐட்டம் நிகழ்வு மட்டும் எழும். எழுத்துப் புலத்தின் ஆவணம் (அதில் உள்ள எழுத்துகளை வைத்திருக்கும் பொருள்) மாறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்திலிருந்தே அந்த ஆவணத்தை மாற்ற முயன்றால் விதிவிலக்கு (எக்செப்ஷன்) எறிந்து நின்றுவிடும். இணையப் பக்கத்தில் பழக்கம் வேறு. அங்கே ஸ்கிரிப்ட் மூலம் உள்ளீட்டுப் புலத்தின் மதிப்பை மாற்றினால் மாற்ற நிகழ்வு எழுவதே இல்லை. இணையத்திலிருந்து ஸ்விங்குக்கு வருபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

‘இப்போது நான்தான் மாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு கொடியைத் தூக்கி வைத்து, அது தூக்கியிருக்கும்போது வரும் அறிவிப்புகளைப் புறக்கணிப்பது பலரும் செய்யும் வழி. வேலை செய்யும். ஆனால் கொடி இரண்டு மூன்றாகப் பெருகினால் யார் எதை எப்போது இறக்கினார்கள் என்று தெரியாமல் போகும். எனக்குப் பிடித்த வழி வேறு. எந்தப் புலம் மாறினாலும் மீடியேட்டர் முதலில் திரையின் முழு நிலையையும் தன்னிடமுள்ள ஒரு எளிய பொருளில் புதுப்பிக்கட்டும். அந்த நிலையிலிருந்து எது தெரிய வேண்டும், எது முடங்க வேண்டும் என்பதை ஒரே மூச்சில் கணித்துப் புலங்களுக்குச் சொல்லட்டும். நிலை மாறவில்லை என்றால் உடனே திரும்பிவிடட்டும். பட்டன்குரூப் செய்வதும் சிறிய அளவில் இதைத்தான். இதில் இன்னொரு வசதி, அந்தக் கணிப்பைத் திரையே இல்லாமல் சோதிக்கலாம். ‘கடவுச்சீட்டு, குழந்தை நல மருத்துவம், நிரம்பிய நேரம்’ என்று ஒரு நிலையைக் கொடுத்துப் பொத்தான் முடங்குகிறதா என்று பார்க்க ஸ்விங்கின் ஒரு சன்னலைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

சேவையகத்திடமிருந்து நேரங்களைக் கேட்டு வாங்கும் இடத்தையும் ஒரு தடவை பாருங்கள். கருமபீடத்தில் இருப்பவர் ஒரு வைத்தியரைத் தொட்டுவிட்டு உடனே அடுத்தவரைத் தொடுகிறார். இரண்டு கோரிக்கைகள் போகின்றன. முதலாவதன் பதில் பிந்தி வருகிறது. இரண்டாமவரின் பெயருக்குக் கீழே முதலாமவரின் நேரங்கள் தோன்றும். வரிசையில் நிற்கும் நோயாளி அந்த நேரத்தை எழுதிக்கொண்டு போய்விடுவார். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தொடரிலக்கம் கொடுத்து, கடைசியாக அனுப்பியதன் பதிலைத் தவிர மற்றதையெல்லாம் எறிந்துவிடும் வேலைக்கு மீடியேட்டரை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிந்து இல்லை. எது கடைசித் தெரிவு என்பது அதற்குத்தான் தெரியும்.

வியாபார விதிகளையும் இலக்கம் பிரிக்கும் நிரலையும் மொழி மாற்றத்தையும் வெளியேற்றிய பின்னும் வகுப்பு பெரிதாகவே இருந்தால், உள்ளே கொத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடையாள அட்டை, பிறந்த திகதி, பால், கடவுச்சீட்டு ஆகியவை ஒரு கொத்து. துறை, வைத்தியர், திகதி, நேரம் இன்னொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் தொடர்பு மிகக் குறைவு. கட்டணமும் பதிவுப் பொத்தானும் மட்டுமே இரண்டையும் பார்க்கின்றன. கொத்துக்கு ஒரு சிறு மீடியேட்டர் வைத்து, இரண்டும் சேரும் இடத்தை மேலே ஒரு மெல்லிய வகுப்பிடம் விடலாம். இதற்கு மேலும் பிரிக்கத் தொடங்கினால் மீடியேட்டர்களுக்கு ஒரு மீடியேட்டர், அதற்கும் ஒன்று என்று போய் முடியும்.

‘அறிவி’ என்ற ஒரே மெத்தட், அதற்குள் நிகழ்வின் பெயரை வெறும் எழுத்துச் சரமாக (ஸ்ட்ரிங்) வைத்து நாற்பது கிளைகள் கொண்ட சுவிட்ச் என்று எழுதியிருந்தால் அதையும் கைவிடுங்கள். ‘வைத்தியர் தெரிவானபோது’, ‘திகதி மாறியபோது’ என்று தனித்தனி மெத்தட்டுகளாக எழுதினால் ஒரு பெயரைத் தவறாகத் தட்டியதைக் கம்பைலரே பிடித்துக் கொடுக்கும்.

நேர்முகத் தேர்வுகளில் அடிக்கடி கேட்கப்படுவதால், பல வகுப்புகளுக்கு முன்னால் ஓர் எளிய முகப்பை வைக்கும் ஃபசாட் பேட்டர்ன் பற்றி ஒரு வரி: ஃபசாட்டுக்குப் பின்னால் இருக்கும் வகுப்புகளுக்கு ஃபசாட் இருப்பது தெரியாது, பேச்சு ஒரு திசையில் மட்டும் போகும், மீடியேட்டரில் சகாக்களிடமிருந்து செய்தி மேலேயும் வரும், கட்டளை கீழேயும் போகும்.

மீடியேட்-ஆருக்கு வருகிறேன். ஜிம்மி போகார்ட் எழுதிய, மைக்ரோசொப்டின் டொட் நெட் தளத்துக்கான அந்த நூலகம், ஒரு கோரிக்கைப் பொருளை அனுப்பினால் அதற்குரிய ஒரேயொரு கையாளும் வகுப்பைத் தேடிக்கொண்டுபோய்க் கொடுக்கிறது. அறிவிப்பு என்றால் கேட்பவர்கள் பலர் இருக்கலாம். எல்லாம் ஒரே செயலிக்குள் நடக்கிறது. அனுப்புபவருக்கும் கையாள்பவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது என்ற அளவில் அது இந்தப் பேட்டர்னின் உறவுதான். ஆனால் உங்கள் திரையின் விதிகள் எதையும் அது வைத்திருக்காது. யாரிடம் கொடுப்பது என்பதைத் தவிர அது எதையும் தீர்மானிப்பதில்லை. எனவே உங்கள் 1400 வரிச் சிக்கலுக்கு அது மருந்தல்ல. அதை மீடியேட்டர் என்று அழைக்கலாமா, கோரிக்கை விநியோகி என்று அழைப்பது பொருத்தமா என்று நிரலாளர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். என் சாய்வு இரண்டாவதன் பக்கம். ஆனால் அது சாய்வு மட்டுமே. 2025-இல் அதன் புதிய பதிப்புகள் வணிக உரிமத்துக்கு மாறிவிட்டன, ஆகவே உங்கள் சேவையகக் குழு பதிப்பை உயர்த்துமுன் உரிமத்தை வாசிப்பது நல்லது. இதே போல, கொடுத்த வேலைகளை எடுத்து ஓட்டும் ஜாவாவின் டைமரும் எக்ஸிகியூட்டரும் மீடியேட்டருக்கு உதாரணம் என்று பல பட்டியல்களில் காண்பீர்கள். எக்ஸிகியூட்டரிடம் கொடுக்கும் வேலைகளுக்குத் தங்களுக்குள் எந்த உறவும் இல்லை, ஒழுங்குபடுத்த எதுவும் இல்லை. அதனால் அந்த உதாரணம் எனக்கு ஒட்டவில்லை. மாற்றுக் கருத்துள்ளவர்களும் இருக்கிறார்கள்.

எத்தனை புலங்கள் இருந்தால் மீடியேட்டர் தேவை என்பதற்கு அளந்து சொன்ன எண் எதுவும் என்னிடம் கிடையாது. நான் எண்ணுவது புலங்களை அல்ல, விதிகளை. ஒரே விதி மூன்று புலங்களைத் தொடுகிறது, அப்படியான விதிகள் மூன்று நான்கு இருக்கின்றன என்றால் யோசிப்பேன். துறை மாறினால் வைத்தியர் பட்டியல் மாறும் என்பது போல ஒரே திசையில் போகும் சங்கிலி மட்டும் என்றால் நேரடியாக அழைத்துவிடுவேன். அதற்கு நடுவர் வேண்டாம்.

மீடியேட்டருக்குக் கட்டாயம் ஓர் இடைமுகம் (மெத்தட்டுகளின் பெயர்களை மட்டும் அறிவிக்கும் இன்டர்பேஸ்) எழுத வேண்டும் என்று உங்கள் குழுத் தலைவர் சொன்னதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். சகாக்கள் ஒரேயொரு மீடியேட்டரோடு மட்டும் வேலை செய்தால் அப்படியான அருவ வகுப்பு தேவையில்லை என்று அந்த நால்வரின் நூலே சொல்கிறது. மரியாதையாக எடுத்துக் காட்டலாம். பிரிப்பு வேலையை அடையாள அட்டை வகுப்பிலிருந்து தொடங்குங்கள். அதற்குச் சோதனை எழுதுவது எளிது, திரையைத் தொடாமலே முடியும், வெளியேறும் வரிகளும் கணிசமாக இருக்கும். கட்டணத்தைத் தொடுமுன் கடவுச்சீட்டு விதி என்னவென்று வைத்தியசாலையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதை நிரலிலிருந்து ஊகிக்கப் போனால், முன்னர் யாரோ ஊகித்ததையே திரும்ப எழுதுவீர்கள்.